ஆபீஸ் பெட்டியும் வீட்டு விஷயமும்

ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மருமகளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. "பேரனுக்கு மூணு வயசு. சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிக்கிறான். அந்த லாப்டாப்பில் பத்து நிமிஷம் ஒரு பாட்டுப் போட்டுக் காட்டும்மான்னு கேட்டேன். 'இது ஆபீஸ் சாமான் அத்தை, குழந்தை கைபடக் கூடாது'ன்னு மூடி வச்சுட்டா. பெத்த பிள்ளையைவிட அந்தப் பெட்டி ஒசத்தியா?" என்று கேட்கிறார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் சகோதரி, நான் உங்கள் மருமகள் கட்சி. (பாட்டுப் போட்டுக் காட்டிச் சோறூட்டலாமா என்பது தனி வழக்கு. அதை இன்னொரு இதழில் வைத்துக்கொள்ளலாம்.)

என் அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. சில நாள் கட்டுக் கட்டாக ஃபைல்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். வீடு முழுக்கக் குழந்தைகள், ஆனாலும் அந்தக் கட்டின் பக்கம் ஒருத்தர் போக மாட்டோம். லாப்டாப்பும் அந்த மாதிரிதான். ஃபைலில் குழந்தை கிறுக்கினால் ஒரு பக்கம் பாழாகும், அவ்வளவுதான். இந்தப் பெட்டியோ ஆபீசின் மற்ற கம்ப்யூட்டர்களோடு தொடுப்பு வைத்திருக்கிறது. பிஞ்சு விரல் பட்டு ஏதோ விளம்பரம் திறந்து, அதன் வழியாக வைரஸ் நுழைந்தால் உங்கள் ஹாலோடு நிற்காது. யார் யாருடைய பெயரும் கணக்கு எண்ணும் அதில் இருக்கிறதோ!

வேலையில் சேரும்போதே இதற்கென்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர், ஈமெயில், இன்டர்நெட் இவற்றை எதற்கு உபயோகிக்கலாம், எதற்குக் கூடாது என்று அதில் இருக்கும். பாஸ்வேர்டை யாரிடமும், கட்டின கணவரிடம்கூட, சொல்லக் கூடாது என்பது அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு. மத்தியான இடைவேளையில் கரண்ட் பில் கட்டுவதையும் ரயில் டிக்கெட் எடுப்பதையும் பல ஆபீசுகளில் கண்டுகொள்வதில்லை. சில இடங்களில் அதற்கும் தடை. எது எப்படி என்று அந்தக் காகிதத்தைப் படித்தால்தான் தெரியும். யார் படிக்கிறார்கள்? புடவைக் கடை ரசீதின் பின்பக்கத்தைப் படிக்கிற அளவுக்குக்கூட அதைப் படிப்பதில்லை.

என் நாத்தனார் பெண் கெட்டிக்காரி. ஐந்து வருஷம் ஒரே கம்பெனி. ஆபீசில் கொடுத்த லாப்டாப் உயர்ந்த ரகமாக இருந்ததால் வீட்டுக்கென்று தனியாக ஒன்று வாங்கவில்லை. பிள்ளையுண்டாகியிருந்தபோது எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், பேர் வைத்த அன்று எடுத்த படங்கள், குழந்தையின் தடுப்பூசிக் கணக்கு எல்லாம் அதற்குள். பாங்க் கணக்குக்கும் இன்ஷ்யூரன்ஸுக்கும் ஆபீஸ் ஈமெயில் விலாசத்தையே கொடுத்திருந்தாள். போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஆட்குறைப்பு என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். பதினோரு மணிக்குத் திரை பூட்டிக்கொண்டது. மறுநாள் ஆள் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

வேலை போனதற்குக்கூட அவள் அழவில்லை. "குழந்தை முதல் தடவை குப்புற விழுந்த வீடியோ அதுலதான் இருக்கு அத்தை" என்றுதான் அழுதாள். கேட்டு எழுதினாள். பெட்டியில் இருந்ததையெல்லாம் அழித்தாகிவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டை ஆஸ்பத்திரியில் மறுபடி வாங்கிவிட்டாள். பாங்க்கில் விலாசம் மாற்ற இரண்டு நடை. வீடியோ போனது போனதுதான்.

அந்தக் கம்பெனிக்காரர்களை நான் வாயாரத் திட்டினேன். ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? ஆனால் 'பெட்டியும் அதில் உள்ளதும் கம்பெனிக்குச் சொந்தம்' என்று அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருந்தது. அந்தத் திட்டு அவர்கள் காதில் ஏறாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இது நம் உடம்பு சம்பந்தப்பட்டது. மாதவிலக்குத் தள்ளிப்போனால், கரு தங்கவில்லை என்றால், பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகை வந்தால், நம் பெண்கள் முதலில் தேடிப் பார்ப்பது இன்டர்நெட்டில்தான். அது நல்லதா கெட்டதா என்பது இருக்கட்டும். ஆபீஸ் லாப்டாப்பில் தேடாதீர்கள். "நான் இன்காக்னிடோவில்தானே பார்க்கிறேன்" என்பார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். அது அந்தப் பெட்டியில் 'எதைப் பார்த்தோம்' என்ற பட்டியலைச் சேர்த்து வைக்காமல் இருக்கும், அவ்வளவே. ஆபீஸ் கண்காணிப்பு ஏற்பாட்டின் கண்ணிலிருந்து மறைக்காது. ஆபீஸ் ஈமெயிலில் நீங்கள் அழித்த கடிதத்துக்கும் அவர்களுடைய சர்வரில் பிரதி இருக்கலாம். இந்த மாதிரி விஷயத்துக்கு உங்கள் சொந்த போன், உங்கள் சொந்த டேட்டா. ஆபீஸ் வைஃபையில் சொந்த போனை இணைத்தாலும் எந்தெந்த இடத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அப்படியானால் ஆபீஸ் இஷ்டத்துக்கு எட்டிப் பார்க்கலாமா? ருமேனியா தேசத்தில் பர்புலெஸ்கு என்று ஒரு இன்ஜினீயர். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லக் கம்பெனி கேட்டபடி யாஹு மெசஞ்சரில் ஒரு கணக்கு வைத்திருந்தார். 2007ல் அவர் தன் வருங்கால மனைவியிடமும் சகோதரரிடமும் பேசியதையெல்லாம் கம்பெனி எடுத்து, 45 பக்கத்துக்கு அச்சடித்து அவர் முன்னால் வைத்தது. அதில் உடல்நலம் பற்றிய அந்தரங்கப் பேச்சும் உண்டு. வேலை போயிற்று. அவர் விடவில்லை. உள்ளூர்க் கோர்ட்டுகளில் தோற்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் முதலில் தோற்று, கடைசியில் 2017 செப்டம்பரில் அதன் பெரிய அமர்வில் ஜெயித்தார். சொந்த உபயோகம் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்தது வாஸ்தவம். ஆனால் எப்படி, எவ்வளவு தூரம் கண்காணிப்போம் என்று முன்கூட்டியே சொல்லவில்லையே என்பதைக் கோர்ட் கேட்டது. பத்து வருஷம் போராடினார் மனிதர்!

அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் அதே 2017ல்தான் சொன்னார்கள். 2023ல் இயற்றிய தகவல் பாதுகாப்புச் சட்டத்திலோ, வேலை சம்பந்தமான காரியத்துக்கு முதலாளி ஊழியரின் விவரங்களைச் சம்மதம் கேட்காமலே கையாள இடம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போதைக்கு நம் ஜாக்கிரதைதான் நமக்குக் காவல்.

எல்லாவற்றையும் ஆபீஸ் ஈமெயிலை விட்டு வெளியே வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. சில விஷயம் அதில்தான் போக வேண்டும். பெண்களைக் கேலி செய்யும் ஆபாச ஜோக்குகளை ஆபீஸ் ஈமெயிலில் சுற்றுக்கு விடுகிற ஆசாமிகள் உண்டு. அமெரிக்காவில் செவ்ரான் என்ற எண்ணெய்க் கம்பெனியில் இந்த மாதிரி ஈமெயிலும் சேர்ந்து வழக்காகி, 1995ல் நான்கு பெண் ஊழியர்களுக்கு 22 லட்சம் டாலர் கொடுத்து சமாதானம் செய்துகொண்டார்கள். நம் நாட்டில் 2013ல் வந்த சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற எந்த ஆபீசிலும் இதை விசாரிக்க ஒரு கமிட்டி இருக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் புகார் கொடுக்கலாம். அப்படி ஒரு கடிதம் வந்தால், அருவருப்பாக இருந்தாலும் அழித்துவிடாதீர்கள். தேதியைக் குறித்துக்கொண்டு மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். நம்மைப் பயமுறுத்துகிற அதே சர்வர் பிரதி, அப்போது நம் பக்கம் சாட்சி சொல்லும்.

பிரசவ லீவு விண்ணப்பமும் அப்படியே. வாய்வார்த்தையாகவோ வாட்ஸப்பிலோ கேட்காமல் ஆபீஸ் ஈமெயிலில் தேதி போட்டுக் கேளுங்கள். 2017லிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு உண்டு. 'சரி' என்று பதில் வந்ததும் அதை அச்சடித்து வீட்டு பீரோவில், குழந்தைக்கு வாங்கி வைத்திருக்கிற துணிகளுக்கு அடியில் வையுங்கள்.