கோட்டாவைப் பழிப்போருக்கு

வன்னிப் பிள்ளையொருவர் பல்கலைக்கழகப் பரீட்சையில் தவறினால், "கோட்டாவில் வந்தவர் தானே" என்று உதட்டைப் பிதுக்குவோர் நம்மவரிடையே உளர். 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டினால் யாழ்ப்பாணம் இழந்தது ஏராளம். அந்தக் கோபம் நியாயமானது. அதைக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள் மீது இறக்கி வைப்பது எவ்வகையில் நியாயம்?

கோட்டா வாசலை மட்டுமே திறந்துவிடும். பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் கற்று உயர்தரம் சித்தியடைந்தவர், விஞ்ஞானமோ பொறியியலோ பயிலப் புகுந்ததும் விரிவுரை முழுவதும் ஆங்கிலம். 2009இல் மெனிக் பாம் முகாமிலிருந்தே உயர்தரப் பரீட்சை எழுதிய சமூகம் இது. அதற்குக் குறைவது மூளையல்ல, ஆங்கில ஆசிரியர்.

அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் எழுந்தன. 2021 ஆகஸ்டில் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மகிழ்ச்சியே. ஆயினும், அயலிலுள்ள கிராமப் பாடசாலையில் ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்க ஆளில்லையெனில், அக்கட்டடங்கள் அயற் பிள்ளைக்கு வெறும் வேடிக்கைப் பொருளே.

புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களே, மண்டபமும் நுழைவாயில் வளைவும் போதும். அப்பணத்தில் ஓர் ஆங்கில ஆசிரியருக்குச் சம்பளம் கொடுங்கள். பின்னர் கோட்டாவைப் பற்றிப் பேசுவோம்.