பால்மா இல்லாத தேநீர்



மச்சம் விடுவது எமக்குப் புதிதல்ல. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் பல வீடுகளில் மச்சச் சட்டி அடுப்பேறாது. ஆனால் பாலும் தயிரும் இருக்கும். அவற்றையும் விட்ட உணவைத்தான் ‘வீகன்’ என்கிறார்கள். மீனையும் முட்டையையும் முன்பே விட்டிருந்த நான், 2022 மார்ச்சில் 400 கிராம் இறக்குமதிப் பால்மா 790 ரூபாவானபோது பாலையும் விட்டேன். முதற்கிழமை தேநீர்தான் கஷ்டம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்ததைக் கண்ட அம்மா, “தொண்ணூறுகளின் தடைக்காலம் திரும்பிவிட்டது” என்று சிரித்தார்.

சொதிக்கு விடும் தேங்காய்ப்பாலைப் பசுப்பாலுக்கு ஈடென எண்ண வேண்டாம். அதில் கல்சியமும் புரதமும் குறைவு. எள்ளுருண்டை, முருங்கையிலை வறை, பயறு, கடலை, உழுத்தங்களி இவைதான் எனக்குக் கைகொடுத்தன. வறைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். விற்றமின் பி12 மட்டும் மரக்கறி உணவில் கிடையாது. அதற்குக் குளிசை எடுக்கிறேன். எடுக்காவிட்டால் சில வருடங்களில் இரத்தசோகையும் கைகால் விறைப்பும் வரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குடும்பநல மருத்துவமாதுவிடம் கேளாமல் எதையும் விடக்கூடாது.

போரில் கணவரை இழந்த ஓர் அக்கா, “நானும் மச்சம் சாப்பிடுறேல்லை தங்கச்சி” என்றார். விசாரித்தால், வாங்கும் கால் கிலோ மீன் பிள்ளைகளுக்கே காணாது. அவருக்கு வெறும் சோறும் சொதியும், பருப்புக்கூட இல்லை. விட்டது வேறு, கிடைக்காதது வேறு. அவரிடம் என் உணவைப் பற்றி நான் பேசவில்லை. வேலியோர முருங்கையில் இலை ஆய்ந்து வறுக்கவும், அந்த மீனில் ஒரு துண்டைத் தனக்கும் எடுத்துவைக்கவும் சொன்னேன்.