உல்கும் ஆறலைப்பும்

ஊரையும் ஊரையும் இணைப்பது வழி. அவ்வழி யாருக்கு உரியது? அரசுக்கு உரியது என்பதே நாம் உடனே கூறும் விடை. ஆயின், அரசே இல்லாத சமுதாயத்திலும் சாலைகளைத் தனியார் உடைமையாக்கிச் செம்மையாக நடத்த இயலும் என வாதிடும் அறிஞர்களும் உளர். அமெரிக்கப் பொருளியலறிஞர் முர்ரே ராத்பார்ட் 1973இல் வெளியிட்ட நூலொன்றில் இக்கருத்தை விரித்துரைத்தார். நல்ல சாலைக்கு மக்கள் கட்டணம் செலுத்துவர். பழுதுற்ற சாலையை நாடமாட்டார்கள். எனவே உடைமையாளரின் ஆதாய நாட்டமே சாலையைப் பேணும் என்பது இத்தரப்பினரின் வாதம்.

இதனை நகைத்து ஒதுக்குதல் முறையன்று. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சுங்கச்சாலைக் குழுக்கள் பெருகின. உள்ளூர் நிலக்கிழாரும் வணிகரும் கடன் திரட்டிச் சாலைகளைச் சீரமைத்தனர். கட்டணத்தால் அவற்றைப் பேணினர். 1830களில் ஏறத்தாழ 1,000 குழுக்களின் பொறுப்பில் 20,000 மைல் அளவிலான சாலைகள் இருந்தன. தனியார் கையாலும் சாலை அமையும் என்பதற்கு இது சான்று.

எனினும், அக்குழுக்கள் பாராளுமன்றச் சட்டத்தால் பிறந்தவை. கட்டணத்தையும் சட்டமே வரையறுத்தது. அவ்வாறிருந்தும் வேல்ஸ் நாட்டில் சுங்கவாயில்கள் மிகுந்தன. வயலுக்குச் சுண்ணாம்பு கொண்டுவந்த ஏழை உழவரும் வாயில்தோறும் பணம் செலுத்த நேர்ந்தது. 1839 முதல் 1843 வரை அவர்கள் பெண்ணுடை அணிந்து இரவில் வாயில்களைத் தகர்த்தனர். அதுவே ரெபேக்கா கலகம். 1844இல் புதிய சட்டம் வந்து குறை தணிந்தது. முறை கேட்கவும் முறை செய்யவும் ஓர் அவை இருந்தமையால் தீர்வு பிறந்தது.

அவ்வவை இல்லையேல் யாது நிகழும்? சோமாலியாவைக் காண்க. 1991இல் அங்கு நடுவண் அரசு வீழ்ந்தது. தொலைபேசித் தொழிலைத் தனியார் திறம்பட வளர்த்தனர். சாலைகளோ சிதைந்தன, ஆயுதக் குழுவினர் தடைகள் அமைத்துப் பணம் பறித்தனர். ஒரு தொலைபேசி நிறுவனம் பிடிக்காவிடில் மற்றொன்றை நாடலாம். ஒரே வழியின் நடுவே துப்பாக்கியுடன் நிற்பவனை விலக்கிச் செல்ல வேறு வழி ஏது? அவன் சாலை அமைத்தவனும் அல்லன்.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். உல்கு பெறும் பெருவழியை வில்வீரர் காத்தமையைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. காத்தற்குப் பெறுவது உல்கு. காவாது பறிப்பது ஆறலைப்பு. இரண்டையும் பிரிக்கும் கோடு நீதி ஒன்றே.

அரசுடைமைக்கும் தனியுடைமைக்கும் இடையே இஸ்லாமிய மரபு வேறொரு நெறியையும் காட்டுகிறது. ஹாரூன் அர்ரஷீதின் துணைவியார் ஜுபைதா, கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் ஹஜ் வழியில் பயணிகளின் நீர்வேட்கை தீரப் பெரும்பொருள் ஈந்தார். இன்றும் அது 'ஜுபைதாவின் வழி' எனப்படுகிறது. அறத்திற்கென வக்ஃபு செய்த பொருளை எவரும் விற்க இயலாது. முத்தவல்லி அதன் காவலரே அன்றி உரிமையாளர் அல்லர். அம்முத்தவல்லி தவறினும் கேட்பதற்குக் காஜி வேண்டும்.

எனவே, தனியார் சாலை அமைக்கலாம், கட்டணமும் பெறலாம். ஆயின், அவர்க்கும் மேலாக நின்று முறை செய்யும் நீதியின்றி அச்சாலை நிலைக்காது என்பதே நம் துணிபு. பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அக்கடமை உடைமையாளர்க்கு மட்டும் உரியதன்று. நடப்போர் அனைவர்க்கும் உரியது. வழி என்பது உடைமையன்று, அமானிதம்.