தாளில் செய்தாலும் மோசடிதான்

மலேசியக் கால்பந்தில் 1994 பந்தயச் சூதாட்டம் துரோகம், 2025 குடியுரிமைப் பத்திர விவகாரம் வெறும் அலுவலகக் கோளாறு, இரண்டுக்கும் ஒரே தண்டனை கேட்பது அநியாயம் என்கிறார் நண்பர். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

1994இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை விசாரித்தார்கள். சிலரை வழக்கே நடத்தாமல் வெளியூரில் கட்டாயமாகக் குடியிருக்க வைத்தார்கள். பலருக்குப் பந்தாட்டமே முடிந்துபோனது.

தாத்தா பாட்டி இங்கே பிறந்ததாகக் காட்டி ஏழு வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத் தேசிய அணியில் சேர்த்த 2025 பத்திரங்களைப் பாருங்கள். ஓர் ஆட்டக்காரரின் தாத்தா பிறந்த ஊர் பினாங்கு என்று ஃபிஃபாவுக்குப் போன நகல் சொன்னது. அர்ஜெண்டினாவின் மூலப் பதிவேட்டில் இருந்ததோ சாந்தா ஃபே. இன்னொருவருக்கு மலாக்கா, மூலத்தில் ஹாலந்தின் தி ஹேக். ஏழு பேருக்கும் இதே கதை. கைதவறி எழுதினால் ஏழு முறையும் தவறு நமக்கே சாதகமாக விழுமா? ஜூன் 10 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில் வியட்நாமை 4-0 என வென்றோமே, அதில் இரண்டு கோல் இவர்கள் போட்டவை.

செப்டம்பரில் ஃபிஃபா ஏழு பேருக்கும் 12 மாதத் தடை விதித்தது. மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். தாளைத் திருத்திய கை யாருடையது என்று அந்தத் தீர்ப்பில் இல்லை.

சுங்கை வே திடலில் வயதை மறைத்து ஆடும் பையனைப் பிறப்புப் பத்திரத்தைக் காட்டச் சொல்லி வெளியேற்றுகிறோம். பக்கத்துக் கிளானா ஜெயாவில் இருக்கும் சங்க அலுவலகத்துக்கும் அதே சட்டம்தான் பொருந்த வேண்டும். யாரையும் விசாரணையின்றி ஊர்கடத்தச் சொல்லவில்லை. பத்திரத்தை வாங்கியவர், சரிபார்த்தவர், அனுப்பியவர் மூவரும் திறந்த நீதிமன்றத்தில் பதில் சொல்லட்டும்.