சங்கிலியும் மருந்தும்

2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த சித்தப்பிரமை கொண்டோரில் 28 பேர் தப்பி ஓட வழியின்றி மாண்டனர். இவர்களைக் கொன்ற குற்றத்தில் நெருப்புக்கு மட்டுமல்ல, சித்தப்பிரமைக்குச் சிகிச்சையே இல்லை என்ற பழைய எண்ணத்துக்கும் பங்குண்டு.

அவ்வெண்ணத்துக்கு ஆதாரம் அற்றுப்போய் நெடுநாளாயிற்று. மேனாட்டு ஆஸ்பத்திரிகளில் முன்பு மலிந்திருந்த ஒருவகைப் பைத்தியத்துக்குக் காரணம் சிபிலிஸ் என்னும் மேக வியாதியே என்பது, 1913-ல் ஜப்பானிய சாஸ்திரி நொகுச்சி, இறந்த நோயாளிகளின் மூளையில் அதன் கிருமியைக் கண்டதும் ருஜுவாயிற்று. பின்னர் பெனிசிலின் வந்து அந்நோயை அரிதாக்கியது. 1949-ல் ஆஸ்திரேலிய வைத்தியர் ஜான் கேட், லித்தியம் உப்பு வெறியைத் தணிப்பதை வெளியிட்டார். 1952-ல் பாரிஸில் டிலே, டெனிக்கர் என்னும் இருவர் குளோர்ப்ரோமஸீனின் குணத்தை நிலைநாட்டினர்.

லித்தியத்துக்கும் குளோர்ப்ரோமஸீனுக்கும் முன்பே நமது தேசத்தார் வழிகாட்டியதை நாம் மறக்கலாகாது. சர்ப்பகந்தி வேர் உன்மத்தத்தையும் இரத்தக் கொதிப்பையும் தணிப்பதை 1931-ல் கல்கத்தாவில் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் எழுதினர். அதன் சாரமான ரெஸர்ப்பைனை 1952-ல் ஸ்விட்ஜர்லாந்தில் பிரித்தெடுத்தனர். பின்னர் வேறு மருந்துகள் வந்து அதன் இடத்தைப் பெற்றன. ஆயினும் நமது மூலிகையை உலகம் ஆராய்ந்து கொண்டாடியபோது, நம்மவரோ சகோதரர்களைத் தூணில் கட்டிவைத்திருந்தோம். இதைவிட வெட்கக்கேடு வேறுண்டோ?

சாஸ்திரம் எல்லாம் வல்லதென்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலான மனநோய்களை இரத்தப் பரிசோதனையால் இன்றும் கண்டறிய இயலாது. பேசிப் பார்த்து, நடத்தையைக் கவனித்தே வைத்தியர் நிதானிக்க வேண்டும். எல்லோரும் பூரண குணமடைவதுமில்லை. ஆனால் காலத்தில் சிகிச்சை பெற்ற அநேகர் வீடு திரும்பி உழைத்துப் பிழைக்கின்றனர். சங்கிலியால் குணமடைந்தவர் ஒருவருமில்லை.

2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று விதிக்கிறது. சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. தாலுகா ஆஸ்பத்திரிதோறும் இம்மருந்துகள் தடையின்றிக் கிடைக்கச் செய்வது சர்க்காரின் கடமை. பிரார்த்தனையை நாம் தடுக்கவில்லை; மருந்தோடு பிரார்த்தனையும் நடக்கட்டும். கிராமந்தோறும் செல்லும் தேச ஊழியர்கள், கட்டுண்டு கிடப்போரைக் கண்டால் சும்மா திரும்பலாகாது. அவர்களை வைத்தியரிடம் சேர்ப்பதும் சுதந்திரத் தொண்டேயாகும். ஒரு மனிதன் காலில் விலங்கிருக்க, தேசம் விடுதலை பெற்றதென்று நாம் எவ்வாறு பெருமை பேசுவது?