தர்மபுத்திரரும் பஸ் கண்டக்டரும்

தை மாதம் பிறந்துவிட்டால் மதுரையிலிருந்து வடக்கே போகும் சாலைக்கு ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. பச்சை வேஷ்டியும் காவி வேஷ்டியுமாக, தோளில் காவடியும் வாயில் அரோகராவுமாக, கோஷ்டி கோஷ்டியாக ஜனங்கள் பழனியை நோக்கி நடக்கிறார்கள். சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடை ரோடு, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று சுமார் 120 கிலோமீட்டர். காலில் கொப்புளம் கண்டவர்கள் நொண்டுவார்களே தவிர நிற்பதில்லை.

நடப்பவர்களைக் காட்டிலும் நம் மனத்தைக் கவர்கிறவர்கள் சாலையோரத்தில் நிற்பவர்கள்தாம். நீர்மோர்ப் பந்தல் ஒருவர் போடுகிறார். சுக்கு மல்லிக் காப்பி ஒருவர் கொடுக்கிறார். முன்பின் அறியாதவர் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிற வயோதிகரையும் கண்டிருக்கிறோம். நடப்பவனுக்குச் சோறிடுவது நம்மவர் ரத்தத்தில் ஊறிய குணம். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ராஜாஜியின் தலைமையில் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்கள் நடந்தபோது, அவர்களுக்கு அன்னமிடுவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் துரை எச்சரித்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, தமக்கு ஒன்றும் தெரியாதது போல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். 1956-57-இல் வினோபா பாவே தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்து நிலம் கேட்டபோதோ, பாண்டி நாட்டு மக்கள் சோற்றோடு நிற்கவில்லை. கிராமம் கிராமமாகவே எழுதிக் கொடுத்தார்கள்.

இருக்கட்டும். நாம் சொல்ல வந்தது இந்தக் கோஷ்டிகளில் அழையாமலே வந்து சேரும் ஓர் அடியாரைப் பற்றி. அவருக்கு மாலை இல்லை, விரதம் இல்லை, காவடியும் இல்லை. நான்கு கால்களும் ஒரு வாலும் உண்டு.

ஊர் எல்லையில் யாரோ எச்சிலையைத் தூரப் போடுகிறார்கள். அதில் மிஞ்சியது இரண்டு பிடி சாம்பார் சாதம். அதை உண்டு முடித்த நாய் நிமிர்ந்து பார்க்கிறது. இவ்வளவு தாராளமான மனிதர்களை அது தன் ஆயுளில் கண்டதில்லை. பின்னாலேயே வருகிறது. முதல் நாள் அதை விரட்டுகிறார்கள். இரண்டாம் நாள் அதற்குப் 'பைரவன்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் இரவு, சத்திரத்துத் திண்ணையில் எல்லோரும் அயர்ந்து தூங்க, அது மூட்டைகளுக்குக் காவல் இருக்கிறது. பைரவமூர்த்தியின் வாகனமே நம்மைத் தேடி வந்துவிட்டது என்று கோஷ்டிப் பெரியவர் கண் கலங்குகிறார்.

பிறகு பழனி வருகிறது. மலையேறித் தரிசனம் ஆகிறது. பஞ்சாமிர்தம் வாங்கியாகிறது. பஸ்ஸும் வருகிறது.

சில வருஷங்களுக்கு முன் பூசத்துக்கு மறுநாள் பழனி பஸ் நிலையத்தில் நாம் கண்டதை இன்னும் மறக்க முடியவில்லை. கோஷ்டி முழுவதும் பஸ்ஸில் ஏறிவிட்டது. செம்பட்டை நிற நாய் ஒன்று படியில் முன்னங்காலை வைத்தது. "நாயை எல்லாம் ஏற்ற முடியாது" என்றார் கண்டக்டர். அவர்மீது குற்றமில்லை, அவர் வேலை அது. பஸ் புறப்பட்டதும் நாய் ஓடி வந்தது. ஒரு பர்லாங்கு தூரம் வந்திருக்கும்; பிறகு நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்து திரும்பிப் போய், பஸ் நிலையத்தில் பச்சை வேஷ்டி கட்டிய ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்க்கத் தொடங்கியது. அந்த இடத்துக்குச் சொந்தமான நாய்கள் நான்கைந்து அதைச் சூழ்ந்துகொண்டதையும் பார்த்தோம். எப்படிப் பார்த்தோம் என்று நேயர்கள் கேட்கலாம். அந்த பஸ்ஸின் பின் ஜன்னல் வழியாகத்தான். ஒட்டன்சத்திரத்தில் அதற்கு இட்டிலி வாங்கிப் போட்டவர்களில் நாமும் ஒருவர்.

மகாபாரதத்து மகாப்ரஸ்தானிக பர்வத்தில் இதே காட்சி வருகிறது. திரௌபதியும் தம்பிமார் நால்வரும் வழியில் ஒவ்வொருவராக விழுந்துவிட, தர்மபுத்திரருடன் கடைசி வரை வந்தது அஸ்தினாபுரத்திலிருந்து பின்தொடர்ந்த நாய்தான். இந்திரன் ரதத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். நாய் வைத்திருப்பவர்களுக்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்கிறான். அன்றைய கண்டக்டர் அவன்தான்! "உடன்பிறந்தவர்களையே விட்டுவிட்டு வந்தவருக்கு நாயை விடுவதில் என்ன தயக்கம்?" என்றும் மடக்குகிறான். நியாயமான கேள்விதான். தர்மபுத்திரர் சொன்ன பதிலின் சாரம் இது: அவர்கள் உயிரோடிருந்தவரை நான் விடவில்லை, இறந்தவர்களை எழுப்ப என்னால் ஆகாது, இதுவோ உயிரோடு என்னை நம்பி வந்திருக்கிறது. அவர் ரதத்தில் ஏறவில்லை.

நம் பாட்டனார் காலத்தில் இந்தத் தர்மசங்கடம் அவ்வளவாக எழவில்லை. காரணம், அவர்கள் நம்மைவிடப் புண்ணியசாலிகள் என்பதல்ல. பஸ் இல்லாத காலத்தில் போனது போலவே திரும்பியும் நடந்தார்கள். நாயும் கூடவே திரும்பியது. போக்கு காலாலும் வரத்து பஸ்ஸாலும் என்று ஆன பிறகுதான் நாய் நடுவழியில் நிற்கிறது.

ஒரு பிடி சோறு போட்டதோடு கடமை தீர்ந்தது என்ற எண்ணத்தைக் காந்தியடிகள் 1926-லேயே கண்டித்திருக்கிறார். ஆமதாபாத்தில் மில் முதலாளி ஒருவர் அறுபது தெரு நாய்களைக் கொல்லச் செய்ததையொட்டி எழுந்த சர்ச்சையில் அவர் எழுதிய கட்டுரைகள் ஜீவகாருண்யக்காரர்கள் பலரைக் கோபப்படுத்தின. கொல்வதைப் பற்றி அவர் சொன்னதை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. 2023-ஆம் ஆண்டு விதிகள் கருத்தடையையும் தடுப்பூசியையுமே வழியாகக் காட்டுகின்றன. ஆனால் தெரு நாய்க்கு உணவை வீசியெறிவது தயையாகாது, அன்பிருந்தால் அதற்கு ஒரு சொந்தக்காரன் வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது இன்றும் நம் நெஞ்சைக் குத்துகிறது.

சொந்தக்காரனாக ஆனவர்களும் இருக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு இறுதியில் கொல்லூர் மூகாம்பிகை கோயிலிலிருந்து சபரிமலைக்கு நடந்த கோழிக்கோட்டுப் பக்தர் ஒருவரைத் தெரு நாய் ஒன்று பின்தொடர்ந்தது. சுமார் 600 கிலோமீட்டர் அவரோடு நடந்தது. அவர் மாலு என்று பெயரிட்டு, திரும்பும்போது அரசு பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் வாங்கி வீட்டுக்கு அழைத்துச் சென்றார். ஆகவே, கண்டக்டர் சம்மதிப்பதும் உண்டு என்று ஏற்படுகிறது. நாம்தான் கேட்கவில்லை. சமாதான யாத்திரை வந்த பௌத்த பிக்ஷுக்களை இந்தியாவில் பின்தொடர்ந்த அலோகா என்ற தெரு நாயோ அமெரிக்காவுக்கே போய்விட்டது. 2025 அக்டோபரில் டெக்ஸாஸிலிருந்து வாஷிங்டனை நோக்கி அவர்கள் நடந்தபோது அதுவும் உடன் நடந்தது.

வேண்டுதலுக்காகவோ, பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ பணம் திரட்டுவதற்காகவோ நடப்பவர்கள் நாயோடு நடப்பதானால் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு நடப்பவர்கள் பகல் வேளையில் தார்ச் சாலையில் புறங்கையை ஏழெட்டு விநாடி வைத்துப் பார்க்கட்டும். கை பொறுக்காத இடத்தில் அதன் பாதமும் பொறுக்காது. நமக்குச் செருப்பு உண்டு, அதற்கு இல்லை. ஒவ்வோர் ஊர் எல்லையிலும் அவ்வூர் நாய்கள் அதன்மேல் பாயும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாத நாயை ஜனக் கூட்டத்தில் அழைத்துப் போவது குழந்தைகளுக்கும் அபாயம். யாரையாவது கடித்துவிட்டால் புண்ணைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இனி வேண்டாம். இப்போது சில ஊசிகள்தாம், அதுவும் கையில்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, முதல் மைலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். வீட்டுக்கு அழைத்து வர மனமில்லையென்றால் இலையை அதன் முன் போடாதீர்கள். அதன் தெரு கண்ணுக்குத் தெரியும்போதே திருப்பி அனுப்புங்கள். கல்லெறிவதைவிட அது கடினமான காரியம். இரண்டாம் நாள் பெயர் வைத்த பிறகு அது தெரு நாய் அல்ல.

எங்கள் தெருக் கோஷ்டியின் இவ்வருஷ வரவு செலவுத் திட்டம் சென்ற வாரம் படிக்கப்பட்டது. அரிசி, பருப்பு, தைலம், மேளம் எல்லாவற்றுக்கும் கீழே 'பைரவர் வண்டிச் சத்தம்' என்று ஒரு வரி. அதற்கு எதிரே ரூபாய் 1,500. புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அது என்ன செலவு என்று கேட்டார். பொருளாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அன்று அந்த பஸ்ஸில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.