கழுமரமா, சிலுவையா?

"இயேசு மரித்தது சிலுவையில் அல்ல, குறுக்குச் சட்டம் இல்லாத வெறும் கம்பத்தில். சிலுவை என்பது பாபிலோனியரின் தம்மூஸ் சாமிக்குரிய அடையாளம். அது கான்ஸ்டன்டைன் அரசன் காலத்தில் சபைக்குள் நுழைந்தது."

இந்த மூன்று வாக்கியங்களும் முன்பு கைப்பிரதியாக வரும். இப்போது வாட்ஸ்அப்பில் வருகின்றன. அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், படித்தவர்கள். ஆனால் மூன்று வாக்கியமும் தவறு என்பது என் கட்சி. அதற்கான காரணங்களை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

இதெல்லாம் ஒரு விஷயமா, இரட்சிப்புக்கும் மரத்தின் வடிவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் இல்லைதான். ஆனால் மணவாளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் பேருந்தில் போனாலும் வழியில் ஒரு குருசடி வருகிறது. அதன்முன் மெழுகுதிரி கொளுத்தி, கடலுக்குப் போனவன் திரும்பி வரவேண்டும் என்று அழுத கிழவிகள் எத்தனை பேர்! அவர்களெல்லாம் தெரியாமல் தம்மூஸைக் கும்பிட்டார்கள் என்பதுதான் அந்த மூன்று வாக்கியங்களின் சாரம். அதை நம்பிவிட்டால், அப்பாவின் கல்லறையில் சிலுவை வைக்கலாமா கூடாதா என்று நாளைக்கு அண்ணன் தம்பி இருவரும் மோதிக்கொள்வார்கள். ஆகவே இது சின்ன விஷயம் அல்ல.

இந்தப் போதனையை அமைப்பாக இருந்து பரப்புகிறவர்கள் யெகோவாவின் சாட்சிகள். அவர்களுடைய 'காவற்கோபுரம்' ஆங்கிலப் பத்திரிகையின் அட்டையில் 1931 வரைக்கும் சிலுவையும் கிரீடமும் சேர்ந்த சின்னம் இருந்தது. 1936இல் அவர்களின் தலைவர் ரதர்ஃபோர்டு எழுதிய புத்தகத்தில்தான் சிலுவை இல்லை என்ற முடிவு அறிவிக்கப்பட்டது. அவர்களுடைய உரிமைக்கு நான் எதிரி அல்ல. தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற அவர்களுடைய மூன்று பிள்ளைகளைக் கேரளத்துப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சரியான தீர்ப்பு. ஒருவர் தன் மனசாட்சிப்படி சிலுவையை வணங்காமல் இருக்கலாம். சரித்திரத்தை மாற்றுவதற்குத்தான் உரிமை கிடையாது.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். புதிய ஏற்பாட்டில் உள்ள கிரேக்கச் சொல் 'ஸ்டவ்ரோஸ்'. ஹோமர் காலத்தில் இது வேலிக்கு நடும் கம்பத்தைக் குறித்தது. உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஹோமருக்கும் இயேசுவுக்கும் நடுவே ஏழெட்டு நூற்றாண்டு இடைவெளி. சொற்கள் அப்படியே நிற்பதில்லை. நான் முப்பது வருடத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவன். 'கிளார்க்' என்ற சொல்லின் மூலம் இலத்தீனில் குருமாரைக் குறிக்கும் சொல். நான் சிறுவயதில் படித்த பிரெஞ்சில் 'கிளேர்' என்றால் இன்றும் திருச்சபைக் குருவையும் குறிக்கும், நோட்டரி அலுவலக எழுத்தரையும் குறிக்கும். அதற்காக நான் தினமும் தாலுகா ஆபீசில் பூசை வைத்தேன் என்று யாராவது சொல்வார்களா?

தெருவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மின்சாரக் கம்பம். உச்சியில் குறுக்கே இரும்புக் கை இருக்கிறது, அதில்தான் கம்பி ஓடுகிறது. ஆனாலும் அதைக் கம்பம் என்றுதான் சொல்கிறோம். பெயர் கம்பம் என்பதால் குறுக்குச் சட்டம் இல்லை என்று வாதாடுவது எவ்வளவு சரியோ, ஸ்டவ்ரோஸ் வாதமும் அவ்வளவுதான் சரி. அந்த அமைப்பின் பிரெஞ்சு வெளியீடுகளில் சிலுவைக்குப் பதில் 'பொத்தோ' என்று போட்டிருக்கிறார்கள். பிரெஞ்சில் தந்திக் கம்பத்துக்கும் அதே சொல்தான்!

தமிழில் அவர்கள் செய்தது இன்னும் மோசம். முன்பு 'கழுமரம்' என்று எழுதினார்கள். பிறகு 'சித்திரவதைக் கம்பம்', 'மரக் கம்பம்' என்று மாற்றிக்கொண்டார்கள். கழு என்றால் என்னவென்று தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையை அறிந்தவர்கள் நாம். கழுவேறிச் செத்தவனைக் கழுமாடன் என்று சாமியாக்கிக் கொடை கொடுக்கிற மாவட்டம் இது. கூர்மரம் உடலைத் துளைத்து ஏறுவது கழு. கையில் ஆணி அடித்துத் தொங்கவிடுவது வேறு சாவு. இரண்டையும் ஒன்றாக்குவது மொழிபெயர்ப்பு ஆகாது.

அடுத்து சாட்சிகள். சுவிசேஷங்கள் மரத்தின் வடிவத்தை விவரிக்கவில்லை. ஆனால் குறிப்புகள் தருகின்றன. குற்றப் பலகை அவருடைய தலைக்கு மேலே வைக்கப்பட்டது என்கிறது மத்தேயு 27:37. இரண்டு கைகளும் தலைக்கு மேலே சேர்த்து அறையப்பட்டிருந்தால், கைகளுக்கு மேலே என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? யோவான் 20:25இல் நம்முடைய தோமா பேசுவது கைகளையும் விலாவையும் பற்றி மட்டும். அங்கே ஆணி பன்மையில் வருகிறது. கைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரே ஆணி அடித்ததாகப் படம் போடுகிறவர்கள் இந்த வசனத்தை நின்று வாசிக்க வேண்டும்.

இவை சிறு குறிப்புகள். பெரிய சாட்சியம் அடுத்த தலைமுறைகளிடமிருந்து வருகிறது. 'பர்னபாவின் நிருபம்' என்ற பழைய நூல் கி.பி. 70க்கும் 135க்கும் நடுவே எழுதப்பட்டது. ஆபிரகாமின் ஊழியர் 318 பேர் என்ற ஆதியாகமக் கணக்குக்கு அது ஒரு விளக்கம் சொல்கிறது. தமிழில் 'க' ஒன்று, 'உ' இரண்டு என்பதுபோல் கிரேக்கத்திலும் எழுத்தே எண். பத்தும் எட்டும் இயேசுவின் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். முந்நூறு 'தௌ' என்ற எழுத்து. அதன் வடிவம் ஒரு நேர்க்கோட்டின் தலையில் குறுக்குக்கோடு. அதுவே சிலுவை என்கிறது அந்த நூல். விளக்கம் நமக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அதை எழுதியவர் மனதில் சிலுவைக்குக் குறுக்குச் சட்டம் இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால் அந்த விளக்கத்துக்கு அர்த்தமே கிடையாது.

கி.பி. 155 வாக்கில் எழுதிய ஜஸ்டின் இன்னும் தெளிவாகச் சொல்கிறார். பாய்மரத்தையும் அதன் குறுக்குக் கழியையும் பாருங்கள், கலப்பையைப் பாருங்கள், கையை விரித்து நிற்கும் மனிதனைப் பாருங்கள், எல்லாவற்றிலும் சிலுவையின் உருவம் இருக்கிறது என்கிறார். பாய்மரமும் கலப்பையும்! ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், 'நாஞ்சில்' என்ற பெயருக்கே கலப்பை என்று அர்த்தம். நம் நாட்டுக்காரனுக்கென்றே எழுதினாற்போல் இருக்கிறது. பஸ்கா ஆட்டைச் சுடும்போது ஒரு கோலை நெடுக்காகவும் இன்னொன்றைக் குறுக்காகவும் செருகுவதையும் அவர் சிலுவைக்கு ஒப்பிடுகிறார். கி.பி. 180 வாக்கில் இரனேயு, சிலுவைக்கு ஐந்து முனை என்று எண்ணிச் சொல்கிறார். நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, நடுவே உடல் தாங்க ஒன்று.

இவர்களெல்லாம் கிறிஸ்தவர்கள்தானே என்பீர்கள். சரி, எதிர்க்கட்சிச் சாட்சிகளைக் கூப்பிடுவோம். லூசியன் கிறிஸ்தவர்களைக் கேலி செய்த எழுத்தாளர், இரண்டாம் நூற்றாண்டுக்காரர். எழுத்துகள் வழக்காடுவதாக அவர் எழுதிய நகைச்சுவையில், தௌ என்ற எழுத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் கொடுங்கோலர்கள் தண்டனை மரத்தைச் செய்தார்கள் என்று அந்த எழுத்தின்மேல் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். ரோமின் பலத்தீன் குன்றில் 1857இல் கண்டெடுத்த சுவர்க் கிறுக்கல் இன்னொன்று. ஏறக்குறைய கி.பி. 200ஐச் சேர்ந்தது. கழுதைத் தலையுள்ள ஓர் உருவம் கைவிரித்துத் தொங்குகிறது, கீழே அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குவதாக எழுத்து. பரிகாசம் செய்தவனும் குறுக்குச் சட்டத்தோடுதான் வரைந்திருக்கிறான். இயேசுவுக்கு இருநூறு ஆண்டு முன்பே பிளாட்டஸின் இலத்தீன் நாடகங்களில் குற்றவாளி குறுக்குச் சட்டத்தைச் சுமந்து தெருவழியே போகிறான்.

கான்ஸ்டன்டைனின் வெற்றி 312இல். பர்னபா நிருபமும் ஜஸ்டினும் இரனேயுவும் லூசியனும் அவனுக்கு நூறு, நூற்றைம்பது வருடம் முந்தியவர்கள். பிறக்காத அரசன் கொண்டுவந்த சிலுவையை அவர்கள் எப்படி அறிந்தார்கள்? ஜஸ்டின் ரோமச் சாமிகளுக்குப் பலியிட மறுத்து உயிரை விட்டவர். அவர் தம்மூஸுக்கு ஒத்தாசை செய்தார் என்று சொல்ல வாய் கூசவேண்டாமா?

தம்மூஸ் கதையின் வேரும் பழையது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் போதகர் ஹிஸ்லப், கத்தோலிக்க எதிர்ப்புக்காக எழுதிய 'இரு பாபிலோன்கள்' என்ற நூலில் இதைப் பரப்பினார். பிறகு 1940இல் வெளிவந்த வைன் என்பவரின் சொல்லகராதியிலும் அது ஏறிக்கொண்டது. தம்மூஸின் முதல் எழுத்தே சிலுவை வடிவம் என்பது வாதம். பாபிலோனியர் எழுதியது களிமண்ணில் ஆணிமுனை போலக் குத்தும் ஆப்பெழுத்து. அதில் தௌ என்ற எழுத்தே கிடையாது. இல்லாத எழுத்தில் முதலெழுத்து ஏது?

எதிர்த்தரப்பில் நியாயம் எதுவும் இல்லையா? உண்டு. ரோமர் எல்லோரையும் ஒரே மாதிரி அறையவில்லை. சிலரைத் தலைகீழாக, சிலரைக் கைவிரித்து என்று பலவிதம் கண்டதாக செனகாவே எழுதியிருக்கிறார். 1968இல் எருசலேமுக்கு அருகே கிடைத்த, ஆணி பாய்ந்த குதிகால் எலும்பு மரத்தின் வடிவத்தைச் சொல்லவில்லை. தௌ போல இருந்ததா, உச்சி நீண்டு கூட்டல் குறி போல இருந்ததா என்பதிலும் முடிவு சொல்ல முடியாது. கான்ஸ்டன்டைன் சிலுவைக்கு அரச மரியாதை கொடுத்ததும் உண்மை. ஆதிக் கிறிஸ்தவர்கள் சிலுவையை வணங்கவில்லை என்று மினூசியஸ் ஃபெலிக்ஸ் எழுதியதும் உண்மை.

ஆனால் கவனியுங்கள். வணங்கலாமா என்பது ஒரு கேள்வி, வடிவம் என்ன என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே கோப்பில் கட்டிவைத்ததால்தான் இத்தனை குழப்பம். சிலுவையை வணங்குவது விக்கிரக ஆராதனை என்று நினைத்தால் நேராக அதைச் சொல்லுங்கள், அதற்கு வசனம் காட்டுங்கள், நாங்கள் பதில் சொல்கிறோம். அதற்காகக் குறுக்குச் சட்டத்தைக் கழற்றிப் போடாதீர்கள்.

சிலுவை பறங்கிச் சரக்கு என்பதும் பொய். குருசு, குருசடி என்ற சொற்கள் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவை, சரி. ஆனால் 'சிலுவை' என்ற சொல் சிரியாக் மொழியின் 'ஸ்லீவா'. மலையாளத்துப் பழைய கிறிஸ்தவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். சென்னைப் பரங்கிமலையில் 1547இல் போர்த்துகீசியர் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவையின் விளிம்பில் பழைய பாரசீகப் பஹ்லவி எழுத்து இருக்கிறது. அவர்கள் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டு முந்தியது அது. அதில் நான்கு கைகள் இருக்கின்றன, தொங்கும் உடல் இல்லை.

நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. யார் குருசடி உயரம் என்று கான்கிரீட்டில் போட்டி போடுவதை நிறுத்துங்கள். அடிமைகளையும் கலகக்காரர்களையும் அம்மணமாகத் தொங்கவிட்ட மரம் அது, ஊர்ப் பெருமைக்கான கோபுரம் அல்ல. ஜஸ்டின் அதைக் கலப்பையிலும் பாய்மரத்திலும் பார்த்தார், உழைக்கிறவன் கையில் இருந்த பொருளில் பார்த்தார். அந்தப் பார்வை வந்துவிட்டால் போட்டியும் இருக்காது, வாட்ஸ்அப் செய்திக்குப் பயமும் இருக்காது. அடுத்த முறை அந்த மூன்று வாக்கியங்கள் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஜஸ்டின் எந்த வருடம், கான்ஸ்டன்டைன் எந்த வருடம்?" பதில் வந்தபிறகு மேலே பேசலாம்.